முற்றத்தில் ஒரு தெருவிளக்கு

எழுபதுகளின் கடைசியில், திருமங்கலம் பக்கம் இருந்த எங்கள் பேரூராட்சிக்குப் புது வரைபடம் வந்தது. அதில் என் வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் ஒரு தெரு ஓடியது. அளக்க வந்த சர்வேயரிடம் கத்தினேன்.

"அண்ணே, கண்ணு முன்னாடி இம்புட்டுப் பெரிய வீடு நிக்குதே!"

"நிக்கட்டும். படத்துல தெருதானே இருக்கு?" என்றார், என் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டே.

அங்கே தெருவே இல்லை என்று மனு மேல் மனு போட்டேன். விசாரிக்க வந்தவர்கள் படத்தை விரித்துப் பார்த்து, தெருவில் விளக்கு இல்லாததுதான் குறை என்று முடிவுகட்டினார்கள். என் முற்றத்தில் கம்பம் நட்டு, பல்பும் மாட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதம் எனக்கு நோட்டீஸ் வந்தது. தெருவிளக்கைச் சுற்றி வீடு கட்டி மறைத்திருக்கிறேனாம்.