கறுப்பு ஒயர் எங்கே போகிறது

காரைப் பார்த்ததுமே இந்த வேலை வேண்டாம் என்று தோன்றியது. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடமில்லை. அதைவிடப் பெரிய கவலை, அது எங்கள் ஷெட் ஓனரின் மகனுடையது என்பது. ஆம்பூர் பைபாஸ் ஓரம் நானும் என் வீட்டுக்காரரும் மெக்கானிக் ஷெட் நடத்துகிறோம். தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் இடம் கொடுத்தவர். அவருடைய இளைய மகன், பள்ளிகொண்டா பக்கம் காரை விரட்டி ஓட்டி, என்ஜினைச் சூடாக்கி, ஹெட் கேஸ்கெட்டைக் கருக்கிவிட்டு, தோஸ்தின் ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வண்டிய வித்துடுவாரு."

"எங்களையும் சேர்த்து வித்துடுவாருப்பா," என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் மூத்த மகனை இதே ஹைவேயில் பறிகொடுத்தவர். இவனுக்காக அவருக்குத் தெரியாமல் வேலை செய்தோம் என்று தெரிந்தால், அன்றைக்கே ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அதற்குள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து, "முடிச்சுடலாம் தம்பி," என்று சொல்லியாகிவிட்டது. இந்த மனுஷனுக்கு முடியாது என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது.

தான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் வெளிநாட்டு பையர் வந்திருப்பதால் மத்தியானம்வரை போன் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் ஆட்டோ ஏறினான். நாங்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு என்ஜினைப் பிரிக்க ஆரம்பித்தோம்.

அடையாளம் போடாமல் ஒரு பைப்பையும் கழற்றவிடமாட்டேன் என்று நான் நின்றுகொண்டேன். டேப் ஒட்டிப் பேனாவால் எழுதினால் எண்ணெய் பட்டதும் அழிந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பு டேனரியில் வேலை பார்த்தவள் நான். டிரம்மில் சுற்றும் தோலில் மை நிற்காது. எந்த லாட் என்று தெரிய ஓரத்தில் துளை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதேபோல் துண்டுத் தோலில் துளை போட்டு, பைப் முனையிலும் அது உட்காரும் இடத்திலும் கட்டினேன். ஒரு துளை பெட்ரோல், இரண்டு துளை தண்ணீர், மூன்று துளை காற்று.

"இத்தினி பைப்புக்கும் தாலி கட்டிக்கினு இருந்தா பொழுது போய்டும்," என்றார் என் வீட்டுக்காரர்.

"யோவ், கடைசியில ஒண்ணு மிச்சமானா யார் தலையில கட்டுவ?"

பைப்பாவது பரவாயில்லை, ஒயர்தான் பேஜார். காரை முன்பு வைத்திருந்தவர்கள் அலாரம், ஆம்ப்ளிஃபயர், கூடுதல் லைட் என்று ஆளாளுக்கு இழுத்துவிட்டு, பாதியில் வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு முனையையும் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றையும் எடுத்தேன். ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் மட்டும் டேஷ்போர்டுக்குள் போனது. ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தேடினேன். முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"பேட்டரியே இல்ல, இது எப்படி எரியுது?"

"பழைய அலாரமா இருக்கும். உள்ள தனி பேட்டரி வச்சிருப்பான். உருவிப் போடு."

உருவி, பெட்டி ஓரத்திலிருந்த சுவிட்சையும் அணைத்தேன். விளக்கு அணைந்தது.

என்ஜினைச் சங்கிலியில் தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்தோம். வாசலில் ஸ்கூட்டர் ஒன்று சரிந்து விழும் சத்தம். பெரியவர். ஒரு காலில் செருப்பு இல்லை. முன்பக்கம் குடைந்து கிடந்த காரையும் தொங்கும் என்ஜினையும் பார்த்தவர், ஷட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"என் புள்ள எங்க?"

ஷெட் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். என் வீட்டுக்காரர், "பாய், அது வந்து..." என்று இழுத்தார். பெரியவரின் உதடு நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் அவர் என்ன கேட்கிறார் என்பது உறைத்தது. ஐயோ, கத்தியே விட்டேன்.

"நல்லா கீறாரு பாய்! கம்பெனியில கீறாரு! வண்டிதான் ரிப்பேரு!"

அப்படியே பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். பாதி ஜிப்பாவில் கொட்டியது.

"போன்ல அவன் வண்டியக் காட்டுற புள்ளி காலையிலருந்து இந்த ஹைவே ஓரமாவே நின்னுச்சு. டீ குடிக்கிறான்னு நெனச்சேன். திடீர்னு காணோம். போனும் எடுக்கல," என்று போனைக் காட்டினார். அதில் ரோட்டுப் படம் மட்டும் இருந்தது.

கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். "இதுவா பாய்?"

"ஆமாம்மா. அவனுக்குத் தெரியாம ஆள் வச்சு மாட்டினேன். அவன்கிட்ட சொல்லிடாத."

நல்லா இருக்குதே கதை என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்று மகன், மகனிடம் சொல்லாதே என்று அப்பா. அதற்குள் மகனே ஓடி வந்தான். மிஸ்டு கால்களைப் பார்த்து, அப்பாவின் டேனரிக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறான். அப்பா இந்தப் பக்கம் போனார் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். பெட்டியை மறைக்க எனக்கு நேரமில்லை. பார்த்ததும் புரிந்துகொண்டான். முகம் சிவந்துவிட்டது.

"இன்னாப்பா இது? நான் எங்க போறேன் வர்றேன்னு வேவு பாக்குறியா?"

பெரியவர் கத்தவில்லை.

"உங்கண்ணன் போன அன்னிக்கு, போலீஸ் போன் பண்ற வரைக்கும் நான் கடையில உக்காந்து பிரியாணி துன்னுகினு இருந்தேன்டா. அவன் ரோட்ல கெடக்கிறான். நான் இன்னொரு பிளேட் சொல்றேன்."

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகன் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இது இருந்தா தூங்குவியாப்பா?"

"தூங்குவேன்."

"மாட்டிடுங்க அக்கா."

அந்தக் கறுப்பு ஒயரை மறுபடி சேர்த்து முறுக்கி, சுவிட்சைப் போட்டேன். என் வீட்டுக்காரர் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தார். ஷெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கார் எங்கேயும் போகப்போவதில்லை. ஆனாலும் போனில் புள்ளி வந்த பிறகுதான் பெரியவர் டயரைவிட்டு எழுந்தார்.