நஸ்ரினுக்கு நான் அனுப்பாத பதில்

விடுமுறைக்குக் கல்முனை வந்திருந்தாலும், இன்று காலை கொழும்பு ஆய்வுகூடத்தின் ஸூம் கூட்டத்தில் சேர்ந்தேன்.

நஸ்ரின் எங்களோடு புதிதாகச் சேர்ந்தவள், எங்கள் ஊருக்குப் பக்கத்து நற்பிட்டிமுனைப் பிள்ளை. அவள் செய்த ஆர்என்ஏ இழைகள் எல்லாம் பாதியிலேயே நின்றுபோயிருந்தன. மூன்று வார வேலை வீண்.

"இழையைக் கோர்க்க எந்த ஆக்டிவேட்டர் போட்டீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"டெட்ரசோல், சேர். டிஎன்ஏக்கு அதுதானே பாவிக்கிற."

நான் மைக்கைத் திறந்தேன். "ஆர்என்ஏ இணையிறது மெதுவாத்தான், சேர். அதுக்கு இன்னும் வலுவானது வேணும். இது இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

போன மாதம் அவள், மூத்த சகோதரியிடம் கேட்பதுபோல, எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "ராத்தா, ஆர்என்ஏக்கும் டெட்ரசோல் போதுமா?" வாசித்தேன். வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. அவளுக்குக் கொடுத்திருந்தது, நான் கேட்டும் எனக்குத் தராத வேலை.

இப்போது அதைச் சொல்லிவிடுவாளோ என்று திரையில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் சேர், என்ட பிழைதான்" என்றாள். பிறகு கமராவை மூடிவிட்டாள்.

மதியம், அந்த வேலை இனி என்னுடையது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது.

வாழ்த்த விரும்புகிறவர்கள் இந்தப் பதிவின் கீழே வாழ்த்தலாம். நஸ்ரின் ஏற்கெனவே வாழ்த்திவிட்டாள்.