கன்னத்தில் ஊசியோடு ஓர் ஏலம்

காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் விடும் என் பக்கத்து வீட்டு நண்பருக்கு ஒரு காலையில் வாய் இடப்பக்கம் கோணிக்கொண்டது. வலியில்லை, உதடுதான் சேரவில்லை. 'ஒருதரம்' வரும், 'ரெண்டுதரம்' வரும், 'மூணுதரம்' வராது. அது காதில் விழாதவரை மீன் யாருக்கும் சொந்தமில்லை என்பது கரை வழக்கம். கூடைக்காரிகளுக்குள் அடிதடியே வந்துவிட்டது.

"வாய் சரியாவுற வரைக்கும் ஒம் மச்சான் கூவட்டும்" என்றார்கள் கட்டுமரக்காரர்கள். மச்சான் ஏறிய இடத்திலிருந்து இறங்குகிற ஆள் இல்லை.

நான் துறைமுகக் குமாஸ்தா. எல்லாவற்றையும் படித்து, எதற்கும் உதவாதவன். ராயபுரத்தில் பல் கட்டும் சீனத்து டாக்டரிடம் அவரை அழைத்துப்போனேன். டாக்டர் பல்லை விட்டுவிட்டு, வாயோரத்தில், கருவிழிக்கு நேர் கீழே தொட்டார். அந்த இடத்துக்கு அவர்கள் ஊரில் 'பூமியின் களஞ்சியம்' என்று பெயராம். வாய் கோணினாலும் எச்சில் வழிந்தாலும் கன்னம் துடித்தாலும் அங்கேதான் ஊசியாம். சோறு போகிற வாசலுக்கு இப்படிப் பெயர் வைத்தவர்களை நம்பலாம் என்று எனக்குப் பட்டது. மருந்தில்லாத வெறும் ஊசியைத் தாடைப் பக்கம் சாய்த்து ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தார்.

சில நாள் போய்வந்தோம். ஒருநாள் ஊசி ஏறியிருக்கும்போதே தெருவில் யாரோ கத்திக்கொண்டு போனார்: "கட்டுமரம் வந்துட்சி! மச்சான்காரன் கூவ நின்னுகினுகீறான்!"

நண்பர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார். பின்னால் நான். எனக்கும் பின்னால் "ஊசி! ஊசி!" என்று டாக்டர்.

கரையில் கூச்சல் சட்டென்று நின்றது.

"அடியே, அண்ணாத்த அலகு குத்திகினு வந்துகீறாருடி!"

"அதான் பேசல. விரதம்!"

ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மனுக்கு அலகு குத்தியவன் முன்னால் மச்சான் எப்படிக் கூவுவான்? ஒதுங்கினான். நண்பர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு விரலாக உயர்த்தினார். மூன்றாவது விரலுக்கு மேல் ஒருத்தியும் விலை கேட்கவில்லை. மூச்சு வாங்க வந்து ஊசியை உருவப்போன டாக்டரை, "சாமி குத்தமாயிடும்!" என்று தடுத்து, கடைசிக் கூடை போகும்வரை நிற்கவைத்தார்கள்.

வாய் மெல்ல நேரானது. ஊசியா, அம்மனா? இந்தக் கோணல் பலருக்குத் தானாகவே சரியாகும் என்று பிறகு படித்தேன். அவரிடம் சொல்லவில்லை; டாக்டரிடம் சொன்னேன். "வாய் வந்தா போதும்" என்றார். அதற்கு மேல் ஆராய எனக்கும் தோன்றவில்லை.

மறுபடி அவர் வாயாலேயே ஏலம் விட்ட அன்று, ஒரு கூடைக்காரி அலுத்துக்கொண்டாள்: "பேஜாரு! வெரலு காட்டுனப்போ யோசிக்க நேரம் இருந்துச்சு. நைனா, இன்னொரு வாட்டி அலகு குத்திக்கயேன்!"

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே, அவள் கண் வைத்திருந்த வஞ்சிரத்தை இன்னொருத்திக்கு மூணுதரம் கூவி முடித்தார்.