மாயாபந்தர்காரியும் இரண்டு டயரும்

டயர் வாங்கிய நாள் வெள்ளிக்கிழமை என்பாள் அம்மா. சனிக்கிழமைதான், அன்று எனக்குப் பள்ளி அரை நாள். எங்கள் தீவுக்குச் சென்னைக் கப்பல் வந்த மூன்றாம் நாள். நான் மூன்றாம் வகுப்பு, ஆகவே அறுபதுகளின் பின்பாதி.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. திங்கட்கிழமை முதல் ஓர் அரசு அலுவலகத்துக்கு மாத வாடகைக்கு ஓட்ட அப்பா பேசி முடித்திருந்தார். பின்சக்கரம் இரண்டுக்கும் புது டயர் போட்டு வந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பழைய டயர்களில் நூல் வெளியே தெரிந்தது. அடுத்த கப்பல்வரை காத்திருந்தால் வாடகை வேறொருவருக்குப் போய்விடும்.

எங்கள் ஊர் அபர்டீன் பஜாரில் டயர் விற்ற கடைகள் மூன்று. அப்பாவின் காரை அறியாத கடைக்காரர் இல்லை. அவசரம் தெரிந்தால் விலையை ஏற்றுவார்கள் என்று பயந்து அவர் ஓர் ஏற்பாடு செய்தார். பஜாருக்கு முகம் தெரியாதவர்கள் கடைக்கு ஒருவராகப் போய், ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லி விலை கேட்டு வர வேண்டும். சின்ன மாமா கப்பலிறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா பஜாருக்குப் போவதே அபூர்வம். இருவரும் எங்கே, என்ன சொன்னார்கள் என்பது பள்ளியிலிருந்த எனக்குத் தெரியாது.

நான் வீடு திரும்பியபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“ஒரு டயர் நூத்தித் தொண்ணூறு அத்தான், பத்து மணிக்கே கேட்டுட்டேன்” என்றார் மாமா.

“எனக்கு இருநூத்து முப்பதுன்னான். பகல் கொள்ளை” என்றாள் அம்மா.

“எல்லாம் முகராசி அக்கா.”

“ஆமாடா. உன் மூஞ்சியைப் பார்த்து அவனுக்குப் பரிதாபமா இருந்திருக்கும்.”

அனுப்ப வேறு புதுமுகம் இல்லை. குழந்தையோடு போனால் கடைக்காரர் அடாவடி பேசமாட்டார் என்று, நான்கு மணிக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது கடைக்கு நடந்தே போனார். கடைக்காரரான பாய் காகிதம் சுற்றிய இரண்டு டயர்களைக் காட்டினார்.

“ஒண்ணு இருநூத்து எண்பது.”

அப்பாவின் கை என் தோளை இறுக்கியது.

“காலையில நூத்தித் தொண்ணூறுதானே பாய்?”

“காலையில நீங்க வரலியே. யார் சொன்னது?”

அப்பா குனிந்து டயர்களின் காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

“எந்தக் கடையில கேட்டாலும் மால் என் குடோன்லதான் இருக்கு” என்றார் பாய். “இந்தச் சென்னை ஜஹாஜ்ல வந்தது ஒரே ஜோடி. காலையில பக்கத்து டாலிகஞ்ச் காண்ட்ராக்டரோட ஆள் வந்து கேட்டுட்டுப் போனாராம். அப்புறம் வடக்கே மாயாபந்தர்லேருந்து ஒரு அம்மா. எவ்வளவு ஆனாலும் சரி, வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு சொல்லியிருக்கு. இப்ப நீங்க. மூணு பார்ட்டிக்கு ரெண்டு டயர். நான் என்ன பண்ண?”

அப்பா இப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. அடித்துப் பேரம் பேசுபவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொன்றாக உருட்டிக்கொண்டு வந்தோம்.  எனக்கோ பெருமை பிடிபடவில்லை. வாசலிலிருந்தே கத்தினேன்:

“அம்மா! மாயாபந்தர் பார்ட்டி, டாலிகஞ்ச் பார்ட்டி, ரெண்டு பேரையும் அப்பா ஜெயிச்சுட்டார்! இருநூத்து எண்பது!”

அம்மா திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா சத்தமில்லாமல் எழுந்து, ஜாக்கி தேடுவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போனார். அங்கே ஜாக்கி இருந்ததே இல்லை.

திங்கட்கிழமை வண்டி அலுவலகத்துக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் ஒரு கவலை மிஞ்சியிருந்தது. அன்று இரவு அம்மா எனக்குச் சோறு பரிமாறும்போது கேட்டேன்:

“பாவம்மா, அந்த மாயாபந்தர்காரி டயருக்கு என்ன செய்வா?”

 நான் கேட்காமலே அம்மா இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.