தடுக்க ஒருவர் வேண்டும் என்ற குணம் அண்ணை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவில், ட்வெய்ட்டா மண்டபத்தின் பின்னறையில் நான்கு பேர் இருந்தோம். பிரார்த்தனைச் சபையின் இரண்டு தலைவர்களில் ஒருத்தியான நான், செயலாளர் நித்தியா, சமையலைப் பொறுப்பெடுக்கும் பத்மா அக்கா, மண்டபத் திறப்பை வைத்திருந்து கதவு திறந்து பூட்டும் இராசன். மேசையில், நகரின் இன்னொரு பகுதியான அம்மருட்டில் பார்த்த புது இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் கிடந்தது. மற்றத் தலைவர் குணம் அண்ணைக்காகக் காத்திருந்தோம். நேரம் தவறாத மனிதர் வரவில்லை. பத்மா அக்கா தேத்தண்ணியை மறுபடியும் சூடாக்கினார். அப்போதுதான் அண்ணையின் மகள் நித்தியாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். காலையில் குளியலறையில் விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

நித்தியா அழுதாள். பத்மா அக்கா சுவாமிப் படத்தின் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரத்தால் இராசன் ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளி, மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அண்ணை போயிட்டார். இனி ஆரைக் கேக்கிறது? நீங்களே கையெழுத்தைப் போட்டு விடுங்கோ."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஒரு தலைவர் இல்லாதபோது மற்றவர் தனியே கையெழுத்திடலாம் என்றுதான் எங்கள் சபையின் விதிகளை எழுதிவைத்த யாப்பில் இருக்கிறது. அந்த இடம் வேண்டும் என்று எல்லோரிலும் கூடுதலாக ஆசைப்பட்டவளும் நான்தான். வேண்டாம், பொறுங்கள் என்று மறித்தவர் குணம் அண்ணை. பிள்ளையார் விக்கினத்தை அகற்றிவிட்டார் என்று ஒரு கணம் என் மனம் நினைத்தது. விக்கினம் என்று நான் நினைத்தது ஒரு மனிதரை. பேனையைத் தொடவில்லை.

அவரை எங்கள் சபையில் உள்ள நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்க் கொம்பனி ஒன்றில் வரைபடம் கீறியவர். ஓய்வு பெற்றபின் மகளோடு இருக்க ஒஸ்லோவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் முடிந்தால் ரோம் தொடங்கும் என்று பத்மா அக்கா பகிடி பண்ணுவார். ஏன் அண்ணை, கும்பிட வந்த இடத்தில் இத்தாலிக் கதை என்று நான் ஒருநாள் கேட்டேன். "எங்கட நாடு உடைஞ்சதைக் கிட்ட நிண்டு பாத்தனாங்கள், பிள்ளை. கிட்ட நிண்டால் ஒண்டும் தெரியாது. தூரத்திலை உடைஞ்ச ஒண்டை ஆறுதலாப் பாப்பம்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். வீட்டு வரவு செலவு எழுதி எழுதியே எழுத்துப் பழகினேன். அவர் சொன்ன ரோம் எனக்கு விளங்கியது, ஏனென்றால் அது ஒரு பெரிய வீட்டுக் கதை போல இருந்தது. அரசனைத் துரத்தியவர்கள், இனி ஒருவன் கையில் எல்லாம் இருக்கக் கூடாது என்று ஆண்டுக்கு இரண்டு தலைவர்களை வைத்தார்கள். ஒருவர் செய்ய நினைப்பதை மற்றவர் மறிக்கலாம். எளிய சனங்களும் தங்களுக்காக மறிக்க ஆள் கேட்டு, ஊரை விட்டு வெளியேறிக் குன்றில் போய் இருந்தார்கள்; கிடைத்தது. பெரிய ஆபத்து வந்தால் மாத்திரம் ஒருவருக்கு எல்லா அதிகாரமும், அதுவும் ஆறே மாதத்துக்கு. அந்த வீடு அப்படித்தான் வளர்ந்தது. பிறகு நாடுகள் பிடித்தார்கள், செல்வம் குவிந்தது. சண்டைக்குப் போன கமக்காரன் திரும்பி வந்தபோது அவன் உழுத காணி பெரிய மனிதரிடம் போயிருந்தது. அவன் ரோமை ஆண்ட சபையை நம்பாமல் தன் தளபதியை நம்பினான். கடைசியில் அப்படி ஒரு தளபதியான சீசருக்கு, ஆறு மாதம் போய், ஆயுள் முழுக்க என்று கொடுத்தார்கள்.

"ஒருத்தரும் வந்து குடியரசு முடிஞ்சுதெண்டு மணி அடிக்கேல்லை" என்பார். "சீசருக்குப் பிறகும் சபை கூடினது, கை உயர்த்தினவை, வீட்டை போனவை. மறிக்க ஒருத்தரும் இல்லையெண்டது பிறகுதான் விளங்கினது."

சில வருடங்களுக்கு முன் நவராத்திரியை யார் நடத்துவது என்று எங்கள் சபை இரண்டாக நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இரு பகுதியும் ஏற்ற ஒரே ஆள் குணம் அண்ணை. முழுப் பொறுப்பையும் ஆறு மாதத்துக்கு அவரிடம் கொடுத்தோம். ஒன்றாக்கிவிட்டார். தவணை முடிந்து கூட்டம் கூடியபோது, வேலை இன்னும் முடியவில்லை, இன்னொரு வருடம் தாருங்கள் என்று அவரே கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கை மடியில் இருந்தது. ஏன் என்று கேட்டார். எழும்பி நின்றேன்.

"அண்ணை, ஆறு மாதம் முடிஞ்சால் ரோமிலை என்ன செய்வினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"இது ரோம் இல்லை, ட்வெய்ட்டா" என்றார். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் பல வெள்ளிக்கிழமைகள் அவர் என் கையால் தேத்தண்ணி வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் இல்லை. என் கணவர், இனிச் சபைக்குப் போகாதே, வீட்டிலேயே கும்பிடு என்றார். நான் போனேன். போய்ப் பின்வரிசையில் இருந்தேன். பிறகு ஒருநாள், தேவாரம் முடிந்து எல்லோரும் இருக்கையிலேயே குணம் அண்ணை எழும்பினார். அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்யுங்கள், இனி இரண்டு தலைவர்கள், ஒரு வருடத் தவணை, ஒருவர் செய்வதை மற்றவர் மறிக்கலாம் என்று எழுதுங்கள் என்றார். அடுத்து என்னைக் காட்டினார்.

"மற்றாள் இவ. எல்லாரும் கை உயர்த்தேக்கை நான் பயப்பிடேல்லை, எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. அதை நினைக்கத்தான் இப்ப பயமாக் கிடக்கு."

எங்களுக்குள் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று இப்போது எழுதினால் அவரே எழும்பி வந்து திருத்துவார். அம்மருட் இடம் எனக்குக் கோயில் போலவே பட்டது. நிரந்தரமான இடம், அடுப்பங்கரை பெரிது, சுவாமி மேடையை ஒவ்வொரு வாரமும் கழற்றி மறுபடி பொருத்தத் தேவையில்லை. இராசனும் நித்தியாவும் என் பக்கம். குணம் அண்ணை ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு "நான் மறிக்கிறன்" என்றார். ட்வெய்ட்டாவில் குடியிருந்து இந்த மண்டபத்துக்கு நடந்து வரும் வயசாளிகளிடம், அம்மருட்டுக்கு வர முடியுமா என்று கேட்டீர்களா என்றார். எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் இடம் போய்விடும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நான் கேட்டுப்போட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் வராமல் போனது. ஓம், எடுப்போம் என்று சொல்ல இருந்தாரா, இல்லை, வேண்டாம் என்று சொல்ல இருந்தாரா எனக்குத் தெரியாது. அவர் மகளுக்கும் தெரியாது.

இறுதிக் கிரியையில் உங்களில் பலர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தீர்கள். அண்ணையின் பெயராலேயே அந்த இடத்தை எடுங்கள், இன்னொரு தலைவர் எதற்கு, நீங்கள் நேர்மையாக நடத்துகிறீர்கள்தானே என்றீர்கள். அன்பினால் சொன்னீர்கள். நித்தியா மட்டும் அழுத முகத்தோடு, "கவனம் அக்கா, இப்பிடித்தான் சீசருக்கும் சொல்லியிருப்பினம்" என்றாள். அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ரோமின் சரித்திரம் இல்லை. அதில் பாதி மறந்துவிடுவேன். எல்லோரும் ஓம் என்னும்போது என் மனமும் மகிழ்ந்தால், அங்கே நின்று, மறிக்கக்கூடிய ஒருவரைத் தேட வேண்டும் என்ற பயத்தை வைத்துக்கொள்கிறேன்.

ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. இடத்துச் சொந்தக்காரர் மாத முடிவு வரைதான் பொறுப்பார். அதற்குள் முடிவு எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அந்த இடம் கை நழுவினால் எனக்கு நெஞ்சு நோகும். என்றாலும் தனியே கையெழுத்திட மாட்டேன். இரண்டாவது தலைவராக ஒருவரின் பெயரைத் தாருங்கள். எனக்கு இசைந்து போகிறவராகப் பார்க்காதீர்கள். என் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக்கூடியவராகப் பாருங்கள். வரும் வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்கு முன் நித்தியாவிடமோ என்னிடமோ பதில் சொல்லுங்கள்.