ஜீப் வந்தா மோட்டாரை அமத்து

எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஜீப்புல யாராவது வந்து கிணத்துல தண்ணி கெடக்கான்னு கேட்டா, காஞ்சு கெடக்குன்னுதான் வாய் தானா சொல்லும். இருக்குன்னு சொன்னா வறட்சி நிவாரணம் வராது, பக்கத்துத் தோட்டக்காரன் ஒரு தரம் பாய்ச்சிக்கிடுதேன்னு வந்து நிப்பான், கண்ணும் பட்டுரும். பட்டாளத்துல இருந்து வந்த எங்க வீட்டுக்காரருக்கு இதுல சந்தேகம் இன்னும் ஒரு பிடி கூட. ரோட்டுல ஜீப் தலை தெரிஞ்சா முதல் வேலையா மோட்டாரை அமத்திருவாக.

எங்க தென்னந்தோப்பு வ. புதுப்பட்டிக்கு மேக்க, மலையடிவாரத்துல இருக்கு. மலையில இருந்து வார ஓடைதான் எங்க கிணத்துக்கு ஊத்து. அந்த ஓடையை மேல மறிச்சு, தண்ணியை உச்சிக்கு ஏத்தி, பொறவு கீழ விட்டுக் கரண்ட் எடுக்கப் போறதா ஒரு பேச்சு கெளம்புச்சு. கொஞ்ச நாள்ல கரண்ட் எடுக்கப் போற கம்பெனி சார்பா ஒரு பொண்ணு கையில டேப்லெட்டோட ஜீப்புல வந்துச்சு. திட்டத்தால யாருக்கு என்ன பாதிப்பு வரும்னு கேக்க வந்திருக்கேன், எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்னு சொல்லுச்சு.

நல்லதுக்குன்னு கேட்டதுமே எங்க வீட்டுக்காரர் முகம் மாறிருச்சு. தண்ணி இருக்குன்னு தெரிஞ்சா இதையும் சேத்து உறிஞ்சத்தான் பாக்காங்கன்னு என் காதுல சொன்னாக. அந்தப் பொண்ணுகிட்ட, கிணறு காஞ்சு வருஷக்கணக்காச்சு, தென்னை ஏதோ மழையை நம்பி நிக்குன்னு அளந்து விட்டாக. நான் குடுத்த மோரைக் குடிச்சுக்கிட்டே அது வாய்க்காலைப் பாத்துச்சு. வாய்க்கால்ல ஈரம் காயல. ஆனா ஒண்ணும் கேக்காம, சொன்னதை அப்படியே தட்டிக்கிட்டுப் போயிருச்சு. அடுத்தடுத்த தோப்புலயும் எல்லாரும் இதே பாட்டுதான்.

பொறவு கல்யாண மண்டபத்துல மக்கள் கருத்துக் கேக்க கூட்டம் போட்டாங்க. மேடையில ஒரு அதிகாரி வாசிச்சாரு. அடிவாரத்துக் கிணறு எல்லாம் ஏற்கனவே வறண்டதாம். அதனால ஓடையை மறிச்சாலும் ஒருத்தருக்கும் பாதிப்பு இல்லையாம். கீழ தண்ணி விடணும்னு அவசியமும் இல்லையாம்.

எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சாக. "சார், எங்க கிணத்துல தண்ணி கெடக்கு. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அதிகாரி கோவப்படவே இல்லை. "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா ஐயா?"

மண்டபமே சிரிச்சுச்சு. நேர்ல வந்து பாருங்கன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு, ஆள் வருவாங்கன்னு பதில் வந்துச்சு.

திரும்பி வரும்போது பஸ்ஸுல எனக்கு அந்த ஈர வாய்க்கால்தான் மனசுல ஓடுச்சு. நாம இப்படித்தான் சொல்லுவோம்னு தெரிஞ்சேதான் வந்து கேட்டாங்களோ? இன்னைக்கு வரைக்கும் அந்தச் சந்தேகம் எனக்குத் தீரல.

இப்ப எங்க வீட்டுக்காரர் தோப்பு வாசல்லயே கெடக்காக. ஜீப் சத்தம் கேட்டா விழுந்தடிச்சு ஓடிப்போய் மோட்டாரைப் போடுறாக. தொட்டி நெறஞ்சு தண்ணி ரோடு வரைக்கும் ஓடுது. ஜீப்பு அதுமேலயே ஏறி, நிக்காம மலைக்குப் போயிருது.