வடகரை வாய்க்காலும் பொன்செல்வி பேரும்

பொன்செல்வியைப் போல ஓர் ஏமாளியை நான் பார்த்ததில்லை. அவள் என் தோழி, அந்த உரிமையில்தான் சொல்கிறேன். தினமும் கீழப்பாவூரிலிருந்து பஸ் ஏறித் தென்காசிக்கு வந்து எங்கள் கல்லூரியில் புவியியல் நடத்துகிறாள். ஒன்பது வருஷமாகியும் இன்னும் தற்காலிகம்தான்.

வரைபட மென்பொருளுக்கு உரிமம் வாங்க முடியாதென்று கல்லூரி கைவிரித்தபோது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருளை ஆய்வகத்தின் ஆமைவேகக் கம்ப்யூட்டர்களில் தானே ஏற்றினாள். போன சாரல் சீசனில் மாணவர்களோடு வடகரை வயல்களில் நடந்து, ஒவ்வொரு வாய்க்காலையும் போனில் பதிந்தாள். கடற்கரை என்ற விவசாயி முழங்கால் வலியோடு இரண்டு நாள் கூடவே நடந்து வழிகாட்டினார். முடிந்த படத்தை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். மகராசி!

போன திங்கட்கிழமை கடற்கரை கல்லூரிக்கே வந்துவிட்டார். கையில், மனை விற்கும் கம்பெனி ஒன்றின் நோட்டீஸ். அதில் வடகரைப் படம் இருந்தது. அவர் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைக் காணோம். அந்த இடத்தில் மனைகள். அடியில் பொன்செல்வியின் பெயர்.

"அங்கன மண்ணடிக்க வந்துட்டான் டீச்சர். கேட்டா, காலேஜ் டீச்சர் போட்ட படத்துலயே வாய்க்கால் இல்லங்கான்."

அந்தக் கம்பெனியில் படம் போடுவது முத்துச்செல்வம். பொன்செல்வியிடம் படித்தவன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்று அவனுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்தைத் திறந்து வைத்தவள் அவள். அவனுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே முத்து, வாய்க்கால எங்கலே?"

"மொதலாளி எடுக்கச் சொன்னாரு மேடம்."

"பொறவு எம்பேர எதுக்குலே போட்ட?"

"அடுத்தவங்க படத்த எடுத்தா அவங்க பேரப் போடணும்னு நீங்கதான மேடம் சொல்லிக்குடுத்தீங்க?"

அந்தப் பயல் கேலி செய்யவில்லை. நிஜமாகவே மரியாதை செய்ததாக நினைத்திருக்கிறான்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான்" என்று பொன்செல்வி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய படத்தைத் திறந்தாள்.

"பாருங்க அண்ணாச்சி, இந்தா நீலக் கோடு, ஒங்க வாய்க்கால். நான் போட்டது இதுதான். இத வச்சு தாலுகா ஆபீசுல மனு குடுப்போம்."

கடற்கரை திரையையும் நோட்டீசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இருக்கு, அதுல இல்ல. ரெண்டுலயும் ஒங்க பேருதான் இருக்கு. ஆபீசுல எத நம்புவாங்க டீச்சர்?"